துவரையின் காட்டுச் சொந்தங்களைக் காக்கப் போவது யார்?

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குப் போகிற வழியில் மாநில எல்லையைத் தாண்டியதும் வருகிற ஊர் மீனாட்சிபுரம். கேரளம் என்றாலே மழையும் பசுமையும் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பக்கத்து நிலம் புதிதாக இருக்கும். மழை மறைவில் கிடக்கிற சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம் இது. பேச்சும் பயிரும் சாப்பாடும் கொங்கு நாட்டோடு ஒட்டியவை. ஆனைமலைத் தொடரின் மறுகோடியில், இடுக்கி மாவட்டத்து மறையூரும் சின்னாறும் இதேபோல மழைக்கு ஏங்குகிற மண். இந்த இரு முனைகளையும் இணைக்கிற வறண்ட சரிவுகளும் வரப்புகளும் வேலிகளும், நாம் அன்றாடம் உண்கிற துவரைக்கு மிக நெருங்கிய உறவான இரண்டு காட்டுச் செடிகளின் வாழ்விடம். அந்த வாழ்விடம் இன்று துண்டு துண்டாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதைக் காப்பது இன்ன இலாகாவின் கடமை என்று எங்கும் தெளிவாக எழுதப்படவில்லை.

வேங்கையும் யானையும் போனால் நாடு பதறும். சந்தன மரம் போனால் வனத்துறை வழக்குப் போடும். வரப்போரத்துக் கொடி ஒன்று போனால் யாருக்கும் செய்தி போகாது. ஆனால் அந்தக் கொடிக்குள் இருக்கிற குணங்களை நம்பித்தான் நாளைய துவரை ரகங்கள் நிற்கப் போகின்றன. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஏற்கெனவே நடந்திருக்கிற ஆராய்ச்சிகளை வைத்தே சொல்கிறோம்.

முதலில் அந்த இரண்டு செடிகளையும் அடையாளம் கண்டுகொள்வோம். தாவரவியலில் ஒன்றின் பெயர் கஜானஸ் ஸ்கேரபாய்டிஸ், மற்றொன்று கஜானஸ் அல்பிகன்ஸ். வயலில் நாம் விதைக்கிற துவரை கஜானஸ் கஜான். மூன்றும் ஒரே பேரினம், மூன்றுக்கும் குரோமோசோம் இருபத்திரண்டு. ஒரு காலத்தில் காட்டினங்களை அட்டிலோசியா என்ற தனிப் பேரினமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். அப்படிப் பிரித்தவர்கள் ராபர்ட் வைட், ஜார்ஜ் ஆர்னாட் இருவரும். தென்னிந்தியத் தாவரங்களைத் தொகுத்து 1834இல் அவர்கள் வெளியிட்ட நூலில்தான் அல்பிகன்ஸும் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அதே வைட் பின்னாளில் கோயம்புத்தூரில் அரசின் பருத்திப் பரிசோதனைகளை நடத்தியவர். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1986இல், நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்து வான் டெர் மேசன், துவரைக்கும் இந்தக் காட்டினங்களுக்கும் தனித்தனிப் பேரினம் தேவையில்லை என்று காட்டி எல்லாவற்றையும் ஒரே பேரினத்தின் கூரைக்குள் கொண்டுவந்தார். காட்டினமும் வயலினமும் ஒன்றோடொன்று இனக்கலப்புச் செய்யக் கூடியவை என்பது அந்த முடிவுக்கு வலுச் சேர்த்த காரணங்களுள் ஒன்று.

ஸ்கேரபாய்டிஸ் சிறு கொடி. தரையோடு படரும், புல்லையோ சிறு செடியையோ பற்றிக்கொண்டு கொஞ்சம் ஏறும். மூன்று சிற்றிலைகள் கொண்ட கூட்டிலை. சிற்றிலை ஒவ்வொன்றும் சிறியது, அடிப்பக்கம் சாம்பல் பூத்தாற்போல் சுணை. இலைக்கக்கத்தில் இரண்டு மூன்றாகச் சின்ன மஞ்சள் பூக்கள். நெற்று இரண்டரை சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். அதன் மேல் நீண்ட சுணைமயிர் அடர்ந்திருக்கும். விதைக்கும் விதைக்கும் இடையில் குறுக்கே பள்ளம் விழுந்திருக்கும். முற்றியதும் நெற்று வெடித்து விதையைத் தெறித்துவிடும். புல்வெளி, வரப்பு, சாலையோரம், ஆடு மாடு மேய்கிற கரடு, இவையெல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். வெயில் நேராக விழ வேண்டும், பக்கத்தில் உயரமான செடி நிழல் கட்டக் கூடாது.

அல்பிகன்ஸின் நடை வேறு. அது பல ஆண்டு வாழும் கட்டைக்கொடி. புதரையும் வேலியையும் சுற்றிக்கொண்டு மேலேறும். சிற்றிலை அகலமானது, அடிப்பக்கம் வெல்வெட்டைத் தொடுவது போலிருக்கும். பூவும் பெரிது, நெற்றும் பெரிது. ஒரு நெற்றில் ஐந்து முதல் ஏழு விதை வரை இருக்கும். ஏறிக்கொள்ள ஒரு புதர் இல்லாவிட்டால் இதற்கு வாழ்வு இல்லை. வறண்ட காட்டின் விளிம்பும் முட்புதரும் பழைய உயிர்வேலியும்தான் இதன் வீடு.

இன்னொரு வேற்றுமை இதைவிட முக்கியம். ஸ்கேரபாய்டிஸ் உலகில் பரந்து கிடக்கிற இனம். இந்தியா முழுவதும் உண்டு, தென்கிழக்கு ஆசியா, சீனா, ஆஸ்திரேலியா வரையிலும் உண்டு. துவரையின் காட்டுறவுகளிலேயே மிகப் பரவலானது இதுதான். அல்பிகன்ஸோ தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டுமே உரியது. நம் வீட்டுப் பக்கத்தில் அது அற்றுப்போனால், அதே இனத்தைத் தேடிப் போக உலகில் வேறு நாடு இலங்கை ஒன்றுதான்.

இவ்வளவு நுணுக்கமாக இரண்டையும் பிரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டுக்கும் வரும் ஆபத்து வேறு வேறு. ஒன்றைக் காக்கிற வழி மற்றொன்றைக் கொன்றுவிடும். அந்தச் சிக்கலைப் பிறகு பார்ப்போம். இந்தச் செடிகளால் நமக்கு என்ன கிடைத்திருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

துவரைக்கு முதல் எதிரி காய்ப்புழு. பூவையும் காயையும் துளைத்துத் தின்றுவிடும் இந்தப் புழுவுக்காக விவசாயி மருந்து அடித்து ஓய்ந்துபோகிறார். நாம் பயிரிடுகிற துவரைக் காயின் மேல் கசிகிற ஒரு பிசின் அந்தப் புழுவுக்குத் தின்னத் தூண்டுதலாக இருக்கிறது. ஸ்கேரபாய்டிஸ் காயில் நிலைமை தலைகீழ். அடர்ந்த சுணைமயிர்க் காட்டைத் தாண்டி முட்டையிலிருந்து பொரிந்த குஞ்சுப்புழு காய்த்தோலை எட்டவே சிரமப்படும். எட்டித் தின்றாலும் சரியாக வளராது. மருந்து இல்லாமல் காயே தன்னைக் காத்துக்கொள்கிற இந்த வித்தையைத் துவரைக்குள் கொண்டுவர ஐதராபாத்துக்கு அருகே பட்டான்செருவில் இருக்கிற இக்ரிசாட் என்கிற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமும் நம் வேளாண் பல்கலைக்கழகங்களும் பல்லாண்டுகளாக உழைக்கின்றன.

வீரிய ஒட்டுத் துவரையின் கதையும் இதே கொடியில் தொடங்குகிறது. ஒட்டுவிதை எடுக்க மகரந்தம் இல்லாத தாய்ச் செடி வேண்டும். துவரைப் பூவில் அது இயல்பாகக் கிடைப்பது அரிது. காட்டினத்தின் உயிரணுக் குழம்பில் துவரையின் கருவைக் கொண்டுவந்து வைத்தால் ஆண்மலட்டுச் செடி கிடைக்கும் என்று கண்டுபிடித்தார்கள். குஜராத்தின் சர்தார்க்ருஷிநகர் வேளாண் பல்கலைக்கழகம் இதற்கு எடுத்துக்கொண்ட காட்டினம் ஸ்கேரபாய்டிஸ். அதன் வழியில் ஜி.டி.ஹெச்.1 என்ற வீரிய ஒட்டு 2004இல் வெளிவந்தது. இக்ரிசாட் இன்னொரு காட்டினமான கஜானஸ் கஜானிஃபோலியஸை வைத்து ஐ.சி.பி.ஹெச். 2671ஐ உருவாக்கியது. 2010இல் மத்தியப் பிரதேசத்தில் அது வெளியிடப்பட்டது. புரதம் மிகுந்த துவரை வரிசைகள் சிலவும் ஸ்கேரபாய்டிஸோடு கலந்து எடுத்தவைதாம். சாதாரணத் துவரையில் நூற்றுக்கு இருபது, இருபத்திரண்டு பங்கு புரதம் இருந்தால் அவற்றில் முப்பதை ஒட்டி இருந்தது. இறைச்சி வாங்க வசதியில்லாத வீடுகளுக்குப் பருப்புதான் புரதம் என்கிற நாட்டில் இதன் பொருள் என்ன என்று விளக்கத் தேவையில்லை.

அல்பிகன்ஸின் பலம் நோயெதிர்ப்பில் இருக்கிறது. துவரை பயிரிடும் எவரும் அஞ்சுகிற நோய் மலட்டுத் தேமல். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் பரப்புகிற நச்சுயிரி நோய் அது. செடி பச்சையாகத் தழைத்து நிற்கும், பூ வைக்காது, காய் வைக்காது. 1931இல் பீகாரின் பூசாவில் முதலில் பதிவான இந்த நோயின் காரணம் எந்த நச்சுயிரி என்று உறுதியாகக் கண்டுபிடிக்கவே ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் ஆயின. இடத்துக்கு இடம் நச்சுயிரியின் வகை மாறுவதால், ஓர் ஊரில் தாங்குகிற ரகம் இன்னோர் ஊரில் விழுந்துவிடும். பல வகைகளுக்கும் ஈடுகொடுக்கிற செடிகளைத் தேடியபோது கைகொடுத்த காட்டினங்களில் அல்பிகன்ஸ் ஒன்று.

வயல்துவரையிடம் இந்தக் குணங்கள் ஏன் இல்லை? மனிதன் காட்டுச் செடியை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, பெரிய விதை, வெடிக்காத நெற்று, ஒன்றாக முளைக்கிற விதை என்று தனக்குப் பிடித்த சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்தான். மற்றவை காட்டிலேயே தங்கிவிட்டன. துவரையின் மரபணுத் தொகுதியை இக்ரிசாட் தலைமையிலான குழு வாசித்து 2011இன் இறுதியில் வெளியிட்டது. 2017இல் 292 துவரை மாதிரிகளை ஒப்பிட்ட ஆய்வும் வந்தது. காட்டினத்தில் இருக்கிற வேறுபாட்டில் ஒரு பகுதிதான் வயலுக்கு வந்து சேர்ந்தது என்பது அவற்றில் துலக்கமாகத் தெரிந்தது. இந்தியாதான் உலகில் மிக அதிகமாகத் துவரை விளைவிக்கிற நாடு, உண்கிற நாடும் இதுவே. இருந்தும் நம் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு ஒரு டன்னை எட்டாமல் பல பத்தாண்டுகளாகத் தேங்கி நிற்கிறது. 2015இல் துவரம்பருப்பு கிலோ இருநூறு ரூபாயைத் தொட்டதை எந்தக் குடும்பத் தலைவியும் மறந்திருக்க மாட்டார். அடுத்த ஆண்டே மொசாம்பிக்கோடு இறக்குமதி ஒப்பந்தம் போட்டோம். இன்றும் கிழக்கு ஆப்பிரிக்கக் கப்பலும் மியான்மர் கப்பலும் வந்தால்தான் நம் கடைகளில் விலை நிற்கிறது. பருப்பில் தன்னிறைவு காண 11,440 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. துவரை, உளுந்து, மசூர் மூன்றுக்கும் அதில் முதலிடம். நல்ல முடிவு. ஆனால் புதிய ரகம் எழுப்ப வேண்டிய மூலப்பொருள் சாலையோரத்தில் மண்ணோடு அள்ளப்படும்போது, அந்தக் கோடிகளால் அதைத் திரும்ப வாங்க முடியாது.

இந்தப் பகுதிக்குத் துவரையோடு தனிச் சொந்தமும் இருக்கிறது. பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடியில் இருளர், முதுகர், குறும்பர் ஊர்களில் ராகி, சாமையோடு சேர்த்துத் துவரையும் அவரையும் விதைப்பது வழிவழியாக வந்த முறை. பெரிய மணி, வெளிறிய தோல், நல்ல எடை என்று தனித்து நிற்கிற அட்டப்பாடித் துவரைக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே பட்டியலில் அட்டப்பாடி ஆட்டுக்கொம்பு அவரையும் இடுக்கியின் காந்தளூர், வட்டவடைப் பூண்டும் இடம்பெற்றன. விவசாயிகள் வளர்த்த ரகத்துக்கு ஒரு முத்திரை கிடைத்தது மகிழ்ச்சி. ஆனால் அதே பாலக்காடு மாவட்டத்தில் அட்டப்பாடித் துவரையின் காட்டு உறவுகளுக்கு ஒரு பெயர்ப் பலகைகூட இல்லை.

இனி ஆபத்துக்கு வருவோம்.

ஸ்கேரபாய்டிஸுக்கு முதல் எதிரி களைக்கொல்லி. முன்பு வரப்பை மண்வெட்டியால் செதுக்குவார்கள், அருவாளால் புல் அறுப்பார்கள். வேர் தங்கும், அடுத்த மழைக்குக் கொடி திரும்பவும் துளிர்க்கும். மாட்டுக்குப் புல் தேவைப்பட்ட காலத்தில் வரப்பு ஒரு சொத்து. மாடு குறைந்தது, ஆள் கூலி ஏறியது, வரப்பில் மருந்து அடிப்பது சுலபமாயிற்று. கேரளம் 2019இல் கிளைபோசேட்டைத் தடை செய்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம் என்றிருக்கிற ஊர்களில் ஒரு மாநிலம் மட்டும் போடுகிற தடை எவ்வளவு தூரம் செல்லும்? நடந்தே கடக்கிற எல்லை இது. மேலும், ஒரு மருந்தைத் தடுத்தால் இன்னொரு மருந்து அந்த இடத்துக்கு வந்துவிடும். வேரோடு கருக வைக்கிற மருந்து ஆண்டுக்கு இரண்டு முறை விழுகிற வரப்பில் இந்தக் கொடி எத்தனை காலம் தாக்குப்பிடிக்கும்?

அடுத்தது மண் அள்ளுவது. இந்தக் காட்டினங்களின் விதைத்தோல் மிகக் கெட்டி. தண்ணீர் எளிதில் இறங்காது. தோல் தேய்ந்து கீறல் விழுந்த விதைதான் முளைக்கும், மற்றவை மண்ணுக்குள் காத்துக் கிடக்கும். ஒரு வருடம் மழை பொய்த்தாலும் இனம் பிழைப்பது இதனால்தான். எனவே இந்தச் செடியின் உண்மையான சேமிப்பு மேல்மண்ணில் இருக்கிறது. சாலையை அகலப்படுத்த, வாய்க்கால் கரையைக் கட்ட, மனைப்பிரிவு போட ஜேசிபி வந்து மேல்மண்ணை வழித்துக்கொண்டு போகும்போது கண்ணுக்குத் தெரிகிற பத்துக் கொடிகளோடு, கண்ணுக்குத் தெரியாத பல வருடத்து விதைகளும் சேர்ந்தே போகின்றன. திரும்பக் கொட்டுகிற கிராவலில் பார்த்தீனியம்தான் முளைக்கும்.

அல்பிகன்ஸின் துயரம் வேலியில் தொடங்குகிறது. பொள்ளாச்சி, உடுமலை, சித்தூர்ப் பக்கத்துக் கிளுவை வேலியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்குள் ஒரு சிறு காடே வாழும். பிரண்டையும் கோவையும் குன்றிமணியும் ஏறுகிற அந்த வேலிகளில்தான் இதுபோன்ற கட்டைக்கொடிகளுக்கும் இடம் கிடைத்தது. இன்று நிலம் கைமாறுகிற வேகத்தில் முதலில் போவது வேலி. அளவைக் கல் தெரிய வேண்டும், அரையடி நிலமும் வீணாகக் கூடாது. கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கம்பியும் கல்லும் நடுகிறார்கள். தென்னந்தோப்பாகவும் மாந்தோப்பாகவும் மாறிய நிலத்தில் புதர் என்றாலே குப்பை. முதலமடை மாம்பழத்தின் பெருமை ஊரறிந்தது. அங்கே தோப்பு என்றால் மரத்தடி துடைத்துவைத்தாற்போல் இருக்க வேண்டும் என்கிற பழக்கம் இந்தக் கொடிக்கு எமன். காட்டுக்குள் போனால் பிழைக்குமே என்று கேட்கலாம். காட்டு விளிம்பில் உண்ணிச்செடி மண்டிவிட்டது. நாட்டுப் புதர்கள் நின்ற இடத்தைப் பிடித்துக்கொண்ட உண்ணியின் அடர்த்திக்குள் கொடியின் நாற்று மேலெழ வழியில்லை. கோடையில் உண்ணி காய்ந்து தீப்பிடித்தால், பழைய புதர் தாங்கிய தீயைவிடப் பெரிய தீ.

முன்னால் சொன்ன சிக்கலுக்கு இப்போது வருகிறோம். அரசு விழித்துக்கொண்டு ஒரு நிலத்தை வேலி போட்டு அடைத்துவிட்டால் போதும் என்று நினைத்தால் என்ன ஆகும்? மேய்ச்சல் நின்ற இடத்தில் உயரப் புல்லும் களையும் ஓங்கும், ஸ்கேரபாய்டிஸ் நிழலில் நசிந்துவிடும். அது மனிதனும் மாடும் நடமாடுகிற இடத்தின் செடி. அளவான மேய்ச்சல் அதற்குத் துணை. சரி, மேய்ச்சலைத் திறந்துவிட்டுப் புதரை வெட்டிச் சீராக்கினால்? அல்பிகன்ஸுக்கு ஏறப் பிடிமானம் இல்லாமல் போகும், இளம் தளிர்களை ஆடு கடித்துவிடும். அது தொந்தரவில்லாமல் விட்டுவிட வேண்டிய செடி. ஒரே குடும்பத்து இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே மருந்தைக் கொடுக்க முடியாது. இவை எங்கெங்கே இருக்கின்றன, எந்த வரப்பு எதற்கு, எந்தப் புதர் எதற்கு என்று நடந்து பார்த்துக் குறித்தால்தான் பாதுகாப்பு என்ற சொல்லுக்குப் பொருள் வரும்.

“ஸ்கேரபாய்டிஸ் உலகமெல்லாம் கிடக்கிற களைதானே, அதற்கு ஏன் இத்தனை கவலை?” என்று வேளாண் அதிகாரிகளே கேட்கக் கூடும். அவர்களுக்கு நெல்லின் அனுபவத்தை நினைவூட்டுகிறோம். ஆசியாவின் நெல்வயல்களைப் புல்குட்டை நோய் அழித்தபோது, பிலிப்பைன்ஸில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தது. எதிர்ப்புக் குணம் கிடைத்தது உத்தரப் பிரதேசத்திலிருந்து போன ஒரே ஒரு காட்டு நெல் மாதிரியில். அந்தக் காட்டு நெல் இனம் வேறெங்கும் இல்லாத அரிய இனம் அல்ல, பல நாடுகளில் இருப்பதுதான். அந்த ஓரிடத்துச் செடிகளிடம் மட்டும் அந்தக் குணம் இருந்தது. ஐ.ஆர்.36 போன்ற ரகங்கள் ஆசியாவுக்குச் சோறு போட்டது அதனால்தான். பாலக்காட்டுக் கணவாயின் உலர்காற்றையும் மழை மறைவின் வறட்சியையும் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிய கொடிக்கும், அசாமின் ஈரத்தில் வளர்ந்த அதே இனத்துக் கொடிக்கும் உள்ளே இருக்கிற குணம் ஒன்றாக இருக்காது. பருவமழை தடுமாறுகிற காலத்தில் எந்த ஊர்க் கொடியின் குணம் நமக்குத் தேவைப்படும் என்று யாராலும் இன்று அறுதியிட முடியாது. அதனால்தான் ஒவ்வோர் ஊரின் கூட்டத்தையும் இழக்கக் கூடாது.

விதை வங்கியில் வைத்திருக்கிறோமே என்பார்கள். வைத்திருப்பது உண்மை, அதற்கு நன்றி சொல்கிறோம். இக்ரிசாட்டின் களஞ்சியத்தில் துவரை மாதிரிகள் பதின்மூன்றாயிரத்துக்கு மேல். அவற்றில் காட்டு உறவுகள் சுமார் ஐந்நூற்றைம்பதுதான். உலக அளவிலும் இதே குறைதான். 81 பயிர்களின் காட்டு உறவுகளான 1,076 இனங்களை ஆராய்ந்து 2016இல் வெளியான கணக்கெடுப்பில், நூற்றுக்கு இருபத்தொன்பது பங்கு இனங்களின் ஒரு விதைகூட எந்த வங்கியிலும் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. குளிரறையில் உறைந்த விதை, உறைந்த நாளின் உலகத்தை மட்டுமே அறியும். காய்ப்புழு மாறும், நச்சுயிரி மாறும், வெயில் ஏறும். அவற்றோடு மல்லுக்கட்டித் தானும் மாறுகிற வாய்ப்பு மண்ணில் நிற்கிற செடிக்கு மட்டுமே உண்டு. வங்கியும் வேண்டும், வரப்பும் வேண்டும்.

சட்டம் இல்லை என்று யாரும் கைவிரிக்க வேண்டாம். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதச் சொல்கிறது. கேரளம் அதில் முன்னோடி. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் காலக்கெடு வைத்து நெருக்கியபோது நாடு முழுவதும் பதிவேடுகள் அவசர அவசரமாக நிரப்பப்பட்டன. அப்படி நிரப்பிய ஏடுகளில் பெரிய மரங்களும் மூலிகைகளும் இடம்பெறும். பயிரின் காட்டு உறவுகளுக்குப் படிவத்தில் ஒரு தலைப்பு இருந்தும், அவசரத்தில் நிரப்பிய ஏட்டில் வரப்புக்கொடி எப்படி ஏறும்? வனத்துறையின் கையில் பரம்பிக்குளமும் சின்னாறும் இருக்கின்றன. அங்கே அல்பிகன்ஸ் ஓரளவு ஒதுங்கலாம். ஆனால் ஸ்கேரபாய்டிஸ் நிற்கிற சாலையோரம் பொதுப்பணித்துறைக்கு, கால்வாய்க் கரை பாசனத்துறைக்கு, மேய்ச்சல் கரடு வருவாய்த்துறைக்கு, வரப்பு விவசாயிக்கு. வேளாண்துறையின் பார்வை பயிரோடு நின்றுவிடுகிறது. எல்லோருக்கும் நடுவில் செடி அநாதையாக நிற்கிறது. போதாததற்கு மாநில எல்லை வேறு. ஒரே கரட்டின் ஒரு சரிவு திருவனந்தபுரத்துக்கும் மறுசரிவு சென்னைக்கும் பதில் சொல்கிறது.

மதுரை மாவட்டத்தில் இன்னொரு மீனாட்சிபுரம் இருக்கிறது. அந்த மீனாட்சிபுரத்தையும் அரிட்டாபட்டியையும் சேர்த்து 193.215 ஹெக்டேர் நிலத்தை, தமிழக அரசு 2022 நவம்பரில் மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. இரண்டு ஆண்டுகளில் டங்ஸ்டன் சுரங்கம் என்ற பெயரில் அங்கே ஆபத்து வந்தபோது, ஊர் மக்கள் கையில் அந்த அறிவிப்பு ஆயுதமாக இருந்தது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மேகாலயத்தின் காரோ மலையில், ஆரஞ்சு, எலுமிச்சைக் குடும்பத்தின் காட்டு மூதாதையைக் காப்பதற்கென்றே நோக்ரெக்கில் ஒரு மரபணுச் சரணாலயம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. நாரத்தையின் சொந்தத்துக்குக் கிடைத்த மரியாதை துவரையின் சொந்தத்துக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்கிறோம். பெரிய பரப்புக் கேட்கவில்லை. சித்தூர் தாலுகாவின் கிழக்கு எல்லையில் சில கரடுகள், மறையூர் முதல் சின்னாறு வரையிலான சாலையோரச் சரிவுகள், அட்டப்பாடியில் துவரை விளைகிற ஊர்களைச் சுற்றிய புறம்போக்குகள் போதும்.

மக்களால் இது ஆகுமா என்று சந்தேகப்படுகிறவர்கள், மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற பிளாச்சிமடையை ஒரு முறை நினைத்துப் பார்க்கட்டும். 2000இல் வந்த கோகோ கோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று ஆதிவாசிப் பெண்கள் முன்னின்று போராட, பெருமாட்டி ஊராட்சி 2003இல் அதன் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அடுத்த ஆண்டு ஆலை நின்றது. உலக நிறுவனம் ஒன்றுக்கு முடியாது என்று சொன்ன ஊராட்சிகளின் மண் இது. தன் எல்லைக்குள் இருக்கிற சாலையோரத்தில் மருந்து அடிக்கக் கூடாது, நெற்று முற்றி விதை விழுகிறவரை புல் வெட்டக் கூடாது என்று ஒரு தீர்மானம் போட அந்த மண்ணுக்குத் துணிவு இல்லாமல் போகாது. செலவும் இல்லை. அரசின் ஊரக வேலைத்திட்டத்தில் வரப்புச் செதுக்க வருகிற பெண்களுக்கு இந்த இரண்டு கொடிகளையும் காட்டிக்கொடுத்தால், அவர்களைவிட நல்ல காவலர்கள் கிடைக்க மாட்டார்கள். உயிர்வேலியைப் பிடுங்காமல் வைத்திருக்கிற விவசாயிக்கு ஒரு சிறு ஊக்கத்தொகை கொடுப்பதும் அரசுக்குப் பாரமல்ல. கம்பிவேலிக்கும் சூரிய மின்வேலிக்கும் மானியம் தருகிற அரசுகள் கிளுவை வேலிக்கு ஏன் தரக் கூடாது?

கேரள மாநிலப் பல்லுயிர் வாரியமும் தமிழ்நாடு வாரியமும் தனித்தனியாக அறிக்கை எழுதுவதை விட்டுவிட்டு, சித்தூரிலோ பொள்ளாச்சியிலோ ஒரே மேசையில் உட்கார வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகமும், திருச்சூரில் இருக்கிற கேரள வேளாண் பல்கலைக்கழகமும் தேசியத் தாவர மரபுவள அமைப்பின் கிளையும் அந்த மேசையில் இருக்க வேண்டும். அட்டப்பாடியின் துவரை விவசாயிகளுக்கும் அங்கே நாற்காலி போட வேண்டும், பார்வையாளராக அல்ல, முடிவெடுப்பவராக. பருப்புத் தன்னிறைவுக்கு ஒதுக்கிய பெருந்தொகையில் ஒரு சிறு பங்கைக் காட்டு உறவுகளின் கணக்கெடுப்புக்கும் காவலுக்கும் என்று மத்திய அரசு எழுத்தில் ஒதுக்க வேண்டும்.

காலம் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, மார்கழி தை மாதங்களில் இந்தக் கொடிகளின் நெற்று முற்றுகிறது. முற்றிய சில நாள்களிலேயே வெடித்துச் சிதறுவதால், விதை எடுக்கப் போகிறவர்கள் அந்த வாரங்களில் அங்கே இருந்தாக வேண்டும். மாசி பிறந்தால் சாலைப் பணிகளும் தீவைப்பும் தொடங்கிவிடும். வருகிற மார்கழிக்கு முன் கணக்கெடுப்புக் குழுக்கள் அமைக்கப்பட வேண்டும், ஊராட்சிகள் கிராம சபையில் தீர்மானம் போட்டிருக்க வேண்டும், சாலை ஒப்பந்தக்காரர்களின் கையில் எந்த ஓரத்தைத் தொடக் கூடாது என்கிற வரைபடம் இருக்க வேண்டும். இரண்டு மாநில அரசுகளிடமும் நாம் கேட்பது இதைத்தான்.